மூச்சை மறந்த தறிகள்

அரளிப்பாளையத்தில் ரகசியம் பேச நினைக்கிறவர்கள் மறைவிடம் தேடி அலைவதில்லை. நேராகத் தறிப்பட்டறைக்குள் போவார்கள், ஓடுகிற விசைத்தறிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்கள், கேட்க வேண்டியவர் காதில் வாயை வைத்துத் தொண்டை கிழியக் கத்துவார்கள். அடுத்த தறியில் நிற்கிறவருக்குக்கூட ஓர் எழுத்து கேட்காது. பெண் பார்க்கப் போகிற விஷயமும், பங்காளி மேலிருக்கும் ஆத்திரமும், மாமியாரைப் பற்றிய மனத்தாங்கலும், யாரிடமும் சொல்லக்கூடாத ஆசையும், எல்லாமே அந்த ஊரில் கத்தித்தான் சொல்லப்பட்டன, கத்தியதால்தான் வெளியே போகாமல் இருந்தன. இராப்பகலாக, தெருவுக்குத் தெரு, வீட்டை ஒட்டி வீட்டை ஒட்டித் தறிகள் டடக் டடக்கென்று அடித்துக்கொண்டே இருந்ததால், ஊருடைய பேச்செல்லாம் அந்தச் சத்தத்துக்கு அடியில் பத்திரமாகக் கிடந்தது. பச்சைக்குழந்தை தூங்குவதும் அந்தச் சத்தத்தில்தான், சாகக் கிடக்கிறவர் கண்ணை மூடுவதும் அந்தச் சத்தத்தில்தான். எப்போதாவது கரண்டு போனால், தூங்கிக்கொண்டிருக்கிற ஊரே திடுக்கிட்டு எழுந்து உட்காரும்.

இப்படிப்பட்ட ஊரில்தான் கோகிலவாணிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டது. தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிக்கொண்டிருந்தவள் எழுந்தாள், எழுந்தவள் ஓரடி எடுத்து வைப்பதற்குள் கால் நனைந்துவிட்டது. அவள் புருஷன் செங்கோட்டுவேலு, அர்த்தநாரியின் பட்டறையில் தறி ஓட்டுகிறவன். யாரோ போய் அவன் காதில் கத்த, விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்து, அவளை ஆட்டோவில் ஏற்றி, ஊருக்கு நடுவில் நாலு பக்கமும் பட்டறைகள் சூழ இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த அதைப் பார்த்த வேலு, நர்ஸ் ஜெபமலரிடம், "முழுசாப் பொறந்திருச்சுங்களா சிஸ்டர், இல்ல இன்னும் மிச்சம் இருக்குதுங்களா?" என்று கேட்டான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊரில் காலம் தள்ளிக்கொண்டிருந்த ஜெபமலருக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும், இரண்டும் ஒரே முகத்தில் வரும். "முழுசாத்தான் பிறந்திருக்கு. கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டு, அவ்வளவுதான்," என்றாள்.

குழந்தைகள் டாக்டர் யாஸ்மின் வந்து கோகிலவாணியின் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். "வயித்துக்குள்ள இருந்த வரைக்கும் அது மூச்சு விட வேண்டிய தேவையே இல்லை. இப்ப விடணும். அது இன்னும் மூளைக்குப் பழகலைம்மா. விட்டுக்கிட்டே இருக்கும், திடீர்னு மறந்துடும். மூச்சு மறந்தா நெஞ்சுத்துடிப்பும் இறங்கிடும், உதடு நீலமாகும். பயப்படாதீங்க. உள்ளங்கால்ல விரலால லேசாத் தட்டினாப் போதும், ஞாபகம் வந்து மறுபடி விட ஆரம்பிக்கும். வளர வளர இந்த மறதி தானாப் போயிடும்."

"தட்டாம விட்டா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"அதுக்குத்தான் மெஷின் இருக்கு, சிஸ்டர் இருக்காங்க, நீங்க இருக்கீங்க," என்றாள் டாக்டர்.

மறுநாள் உச்சிப்பொழுதில் குழந்தை முதன்முதலாக மூச்சை மறந்தது. அதே நொடியில் அரளிப்பாளையத்தின் தறிகள் அத்தனையும் நின்றன. கரண்டு போகவில்லை, மின்விசிறிகள் சுற்றின, விளக்குகள் எரிந்தன, தறிகளின் மோட்டார்களும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, தறிகள் மட்டும் நின்றன, குறுக்கு நூலோடு ஓடுகிற நாடா பாவு நூலுக்குள் பாதி வழியில் அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் காதுக்குள்ளேயே வைத்திருந்த கோகிலவாணிக்கு யாரோ காதை அறுத்து எடுத்துக்கொண்டு போனாற்போல் இருந்தது. தூக்கிவாரிப் போட எழுந்தவள் முதலில் பார்த்தது குழந்தையைத்தான். அதன் நெஞ்சுக்கூடு அசையவில்லை. அவள் போட்ட கூச்சலுக்குப் பிறகுதான் மெஷினே கத்தத் தொடங்கியது. ஜெபமலர் வந்து உள்ளங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள், இன்னொன்று தட்டினாள், குருவிநெஞ்சு மேலெழும்பியது, தறிகள் விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கின.

பட்டறைக்காரர்கள் கூட்டமாக மின்சார ஆபீசுக்குப் போனார்கள். அங்கே கரண்டு இருந்தது, இருந்ததை அவர்கள் கண்ணெதிரிலேயே காட்டினார்கள். திரும்பி வரும் வழியில் தறிகள் மறுபடி நின்று, மறுபடி ஓடின. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தது ஜெபமலர்தான். சத்தம் நின்றதும் தன் கால் தானாக அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு ஓடுவதை அவள் கவனித்துவிட்டாள். அவள் வார்டு ஆயாவிடம் சொன்னாள், ஆயா டீக்கடையில் சொன்னாள், டீக்கடையிலிருந்து அது தறிக்குத் தறி காதில் கத்தப்பட்டு, பொழுது இறங்குவதற்குள் ஊர் முழுக்கப் பரவியது. "அப்படீங்களா, வேலு புள்ளைக்கு மூச்சு நின்னாத் தறி நிக்குதுங்களா? அப்பச் செரி. புள்ளையத்தான் பாக்கோணும்," என்றார்கள். மோட்டாரில் கோளாறு என்றால் மெக்கானிக்கைத் தேட வேண்டும், அவன் ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வரமாட்டான். அதற்கு இது எவ்வளவோ மேல் என்பது ஊரின் எண்ணம்.

பார்க்கத்தான் செய்தார்கள். மூச்சு மறக்காமல் இருக்க டாக்டர் கொடுக்கிற சொட்டுமருந்து காபிக்கொட்டையில் இருக்கிற அதே சத்துதான் என்று ஆயா எங்கேயோ வாய்விட, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் காபித் தூக்குப்போசிகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். "திக்காப் போட்டிருக்குதுங் சிஸ்டர், சக்கரை கம்மி, புள்ளைக்கு ஒத்துக்கும்," என்றாள் ஒருத்தி. "தாய்ப்பாலையே குழாயில ஊத்திக்கிட்டிருக்கேன், இவங்க டிகாக்‌ஷன் கொண்டு வாறாங்க," என்று ஜெபமலர் வாசலில் நின்று கத்தினாள். ஆனால் கொண்டுவந்ததைக் கொட்ட மனம் வராமல் வார்டில் இருந்தவர்கள் குடித்துத் தீர்த்தார்கள், அந்த வாரம் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. மாரியம்மன் கோயிலில் காபிப்பொடி காணிக்கை வைத்தார்கள், பூசாரி அதை வாங்கி வைத்துக்கொண்டார். தறி நின்றதும் பட்டறையில் இருப்பவர்கள் தங்கள் கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைச் சுண்டிச் சுண்டி, எங்கோ இருக்கிற ஒரு கால்பாதத்தைத் தட்டுவதுபோல் காற்றைத் தட்டினார்கள். தறி ஓடத் தொடங்கியதும் தாங்கள் தட்டியதால்தான் ஓடுகிறது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

ஆனால் யாரும் யோசித்துப் பார்க்காத ஒன்று இருந்தது. அந்த ஊரின் ரகசியங்களெல்லாம் சத்தத்துக்கு அடியில் கத்தப்படுகிறவை. சத்தம் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாத ஊரில், கத்திக்கொண்டிருக்கிற வாய்க்கு அது தெரியாது. மாவு மில் சுப்பணன், தன் பெண்டாட்டி வைக்கிற ரசத்தை நாய்கூடக் குடிக்காது என்று கூட்டாளியின் காதில் கத்திக்கொண்டிருந்தபோது தறி நின்றது, நாய் என்ற சொல்லிலிருந்து தெருவே கேட்டது, அதன் பிறகு அந்த வீட்டில் ரசம் வைக்கப்படவில்லை. பாவு பிணைக்கிற ரஞ்சிதம், சரவணபவனைத் தவிர வேறு யாருக்கும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று தோழியிடம் கத்தியதை அவளைப் பெற்றவர்களும் கேட்டார்கள், சரவணபவனைப் பெற்றவர்களும் கேட்டார்கள், மறுக்க வழியில்லாமல் தட்டு மாற்றினார்கள். ஒருவன் தன் தம்பியைப் பற்றிச் சொன்னதைத் தம்பி கேட்டான். ஒரு மருமகள் சொன்னதை மாமியார் கேட்டாள், கேட்டுவிட்டு, தான் சொன்னதை அவள் எப்போது கேட்டிருப்பாளோ என்று கணக்குப் போட்டுப் பார்த்துப் பேசாமல் இருந்தாள். சிரிப்பும் சண்டையுமாக ஊர் நாறியது. கொஞ்ச நாளில் பட்டறைக்குள் வாய் திறக்கவே பயந்தார்கள், திறந்தால் நல்லதையே பேசினார்கள். அரளிப்பாளையத்து மனிதர்கள் ஒருவரையொருவர் இவ்வளவு புகழ்ந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

கோகிலவாணிக்கு இவையெல்லாம் வார்டு ஜன்னல் வழியாகத் தெரிந்தன, சில நேரம் சிரிப்புக்கூட வந்தது. குழந்தையை இப்போது பெட்டியிலிருந்து எடுத்து அவள் நெஞ்சில், தோலோடு தோல் படுகிறபடி வைத்துத் துணியால் கட்டிவிட்டிருந்தார்கள். கங்காரு தன் குட்டியை வைத்துக்கொள்கிற மாதிரி என்று டாக்டர் சொன்னாள். அப்படி வைத்துக்கொண்டு அவள் தறிச்சத்தத்தில் கண்ணயர்வாள். சத்தம் நிற்கிற நொடியில் விழித்துக்கொள்வாள், கண் திறப்பதற்கு முன்பே விரல் அந்தச் சின்னப் பாதத்தில் இருக்கும். மெஷினைவிட அவள் முந்திக்கொண்டாள். பயம் போகவில்லை, ஆனால் செய்வதற்கு ஒன்று இருந்தது, அதைச் செய்தாள், பிள்ளை திரும்பி வந்தது.

வேலு தினமும் வந்தான். வந்து கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றான். "உள்ள வாங்க. அப்பாக்களும் கொஞ்ச நேரம் நெஞ்சில வெச்சுக்கலாம்னு டாக்டரம்மாவே சொல்றாங்க," என்று கோகிலவாணி கூப்பிட்டால், கையை விரித்துக் காட்டுவான். "நடுங்குது புள்ள. உட்டுட்டன்னா?" என்பான். கொண்டுவந்த சோற்றை ஜெபமலரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். பயந்தாங்கொள்ளி என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டாள், அதற்கு மேல் அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

இதற்கிடையில் துணி திரும்பி வரத் தொடங்கியது. ஓடுகிற தறி நின்று ஓடினால் நெய்த துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். அரளிப்பாளையத்துத் துண்டிலும் லுங்கியிலும் போர்வையிலும், எந்தப் பட்டறையில் நெய்தது என்றாலும், ஒரே இடைவெளியில் ஒரே கோடுகள் விழுந்திருந்தன, வெளியூர் வியாபாரிகள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பினார்கள். பட்டறைக்காரர்கள் சங்கக் கட்டடத்தில் கூடினார்கள். காபிப்பொடி காணிக்கை வைத்தவர்களும் அதில் இருந்தார்கள். பிள்ளைக்குப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிதான் நல்லது என்று ஒருவர் ஆரம்பித்தார், நல்ல மெஷினெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார், அங்கே தறி கிடையாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டாக்டர் யாஸ்மின், அவ்வளவு தூரம் வண்டியில் குலுங்கினால் குழந்தை தாங்காது என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். அப்படியானால் தகப்பனிடம் பேசுவோம் என்று முடிவானது. வேலு வேலை பார்ப்பது அர்த்தநாரியின் பட்டறையில் என்பதால் அந்தப் பொறுப்பு அர்த்தநாரி தலையில் விழுந்தது. அர்த்தநாரி கெட்டவர் இல்லை; வேலுவின் கல்யாணத்தில் முன்னால் நின்று பந்தி பரிமாறியவர். அவருடைய பட்டறை ஆஸ்பத்திரிக்குப் பின்புறத் தெருவில், வார்டு ஜன்னலுக்கு நேரெதிரே இருந்தது.

அன்று நல்ல வெயில். கோகிலவாணி நெஞ்சில் பிள்ளையோடு ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில் பெண் முடி சீவிக்கொண்டிருந்தாள், ஜெபமலர் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள். தறிகள் நின்றன. கோகிலவாணியின் விரல் பாதத்துக்குப் போனது. அந்த அமைதியின் நட்டநடுவில், பின்தெருவிலிருந்து, தொண்டை கிழிய, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல் ஒன்று வந்தது.

"அது ஒரேயடியாப் போய்ச் சேந்துட்டாக்கூடத் தேவலைங்கண்ணா."

விரல் தட்டியது, அது பாட்டுக்குத் தட்டியது. குழந்தை மூச்சை இழுத்தது. தறிகள் ஓடின. பக்கத்துக் கட்டில்காரியின் கையில் சீப்பு அப்படியே நின்றது, ஜெபமலர் சுருட்டிய பஞ்சை மறுபடி பிரித்து மறுபடி சுருட்டினாள், ஒருவரும் கோகிலவாணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அதைப் பார்க்காததிலிருந்து, தான் கேட்டது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவளுக்கு அழுகை வரவில்லை. ஊரில் ஒரு குடியும் பாக்கியில்லாமல், மில்லிலும் டீக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும், எல்லோரும் அதைக் கேட்டிருந்தார்கள். பெற்ற தகப்பன் தன் பிள்ளை சாக வேண்டும் என்று கத்தியதை அரளிப்பாளையம் முழுசாகக் கேட்டது, தன் நெஞ்சில் கிடக்கிற அந்தப் பிள்ளைக்கும் காது இருக்கிறது என்று நினைத்தபோது அவள் உள்ளங்கையால் அதன் காதைப் பொத்தினாள்.

ஊரும் அரண்டுதான் போனது. ரசத்துக்கும் கல்யாணத்துக்கும் சிரித்த ஊரால் இதற்குச் சிரிக்க முடியவில்லை. அர்த்தநாரி பட்டறையைப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பெரிய ஊர் ஆஸ்பத்திரி என்ற பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை, கோடு விழுந்த துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் வேலுவுக்கு டீ கொடுத்தார்கள், கொடுத்தவர் அவனைப் பார்க்காமல் கொடுத்தார். அவனைத் திட்டுவதற்குச் சிலருக்கு வாய் வந்தது. ஆனால் திறந்த வாயை மூடிக்கொண்டார்கள், ஏனென்றால் தத்தம் படுக்கையில், தத்தம் நோயாளிகளின் தலைமாட்டில், சத்தத்துக்கு அடியில் தாங்கள் என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்று அன்றைக்கு எல்லோருக்கும் ஞாபகம் வந்திருந்தது. ஊர் அதற்குப் பிறகு நல்லதையும் பேசவில்லை, கெட்டதையும் பேசவில்லை. தறிகள் மட்டும் ஓடின, நின்றன, ஓடின.

வேலு ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். சோறு யார் கையிலாவது வந்தது. கோகிலவாணி பொறுத்துப் பார்த்தாள். கோபம் சோற்றில் இறங்கியது, தண்ணீரில் இறங்கியது, பாலிலும் இறங்கிவிடுமோ என்று பயம் வந்தபோது ஜெபமலரைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டர், அவர வரச் சொல்லுங்க."

"எதுக்கு? இப்பம் அவன் வந்து என்ன கிழிக்கப் போறான்?"

"வரச் சொல்லுங்க சிஸ்டர். புள்ளைய நெஞ்சில வெச்சுக்கோணும் அவரு."

ஜெபமலர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள், ஆள் அனுப்பினாள். ஊருக்கும் அது தெரிந்துவிட்டது. வேலு தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தபோது பட்டறை வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள், அவன் கடந்துபோன பிறகும் உள்ளே போகவில்லை.

வார்டுக்குள் வந்தவன் கதவோரம் நின்றான். கோகிலவாணி, "சட்டையக் கழட்டுங்க," என்றாள். அவன் கழற்றினான். கையைக் கழுவச் சொன்னாள் ஜெபமலர், கழுவினான். நாற்காலியில் உட்கார வைத்து, தன் நெஞ்சிலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்து, அவன் நெஞ்சில் வைத்து, துணியைச் சுற்றிக் கட்டினாள் கோகிலவாணி. அவன் மூச்சு விடவே பயந்து உட்கார்ந்திருந்தான். அவள் அவன் விரலைப் பிடித்து இழுத்து அந்தச் சின்னப் பாதத்தில் வைத்தாள்.

"சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

தறிச்சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் குனிந்து அவன் காதில் வாயை வைத்து மறுபடி கேட்டாள்.

"சொன்னேன்," என்றான் அவன் அவள் காதில். "இல்லீன்னு சொல்ல மாட்டேன். நீ இங்க இருக்கற. நின்னா நீ தட்டுற. நான் தறிகிட்ட நிக்கறேன் வாணி. எல்லாருக்கும் தறி நிக்குது, எனக்குப் புள்ளை நிக்குது. தறி மேல கைய வெச்சுட்டு, ஓடுமா ஓடாதான்னு நிக்கறேன். ஒரு நாளைக்கு எத்தனவாட்டி நான் அதயச் சாகக் குடுத்துட்டு நிக்கறது? முடியில புள்ள. அர்த்தநாரியண்ணன் வந்து வேற ஊருக்குக் கொண்டு போன்னாரு, வாய்ல அது வந்துருச்சு."

கோகிலவாணி நிமிர்ந்தாள். இது அவளுக்கு இதுவரை தோன்றவே இல்லை. தட்டுவதற்கு ஒரு பாதம் இல்லாமல் அந்த அமைதியில் நிற்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், நினைக்க நினைக்க இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது இரக்கம் இல்லை. இத்தனை நாள் அவள் விரலில் தேக்கி வைத்திருந்த பயமெல்லாம் ஒன்றுதிரண்டு ஆத்திரமாக வந்தது. அவள் மறுபடி அவன் காதுக்குக் குனிந்தாள், அந்த ஊரில் பிறந்த எல்லோரையும்போலத் தறிச்சத்தத்தை நம்பினாள், தன் பலம் கொண்ட மட்டும் கத்தினாள்.

"அப்ப இந்தவாட்டி நின்னாத் தட்டாதீங்க. உட்டுருங்க. போயிரட்டும். ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்."

தட்டாதீங்க என்ற சொல்லுக்கு முன்னாலேயே தறிகள் நின்றிருந்தன.

அவளுடைய குரல் ஜன்னல் வழியாகப் போவதை அவளே கேட்டாள். பின்தெருவுக்குப் போய், அர்த்தநாரி பட்டறையின் தகரத்தில் பட்டு, மில்லைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, கடைசித் தெருவரைக்கும் அது போனது. போயிரட்டும், போயிரட்டும் என்று ஊர் மூலை வரைக்கும் போன அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று புரிந்தபோது அவள் வாய் திறந்தபடியே நின்றது. பட்டறை வாசல்களில் நின்றவர்கள் யாரும் காற்றில் விரலைச் சுண்டவில்லை. பெற்றவளும் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் யார் என்ன செய்வது என்று அரளிப்பாளையம் திகைத்து நின்றது.

கோகிலவாணி பாதத்துக்குப் பாய்ந்தாள். அவளுக்கு முன்னால் வேலுவின் விரல் அங்கே தட்டிக்கொண்டிருந்தது. அவள் சொல்லி முடிப்பதற்கு முன்பே அது தட்டத் தொடங்கியிருந்தது. நடுங்குகிற, காய்ப்புக் காய்த்த, நூலறுத்து நூலறுத்துத் தேய்ந்த அந்த விரலோடு அவளுடைய விரலும் சேர்ந்துகொண்டது, இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு அந்தக் கட்டைவிரல் அகலப் பாதத்தில் தட்டின. குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. நெஞ்சு எழும்பவில்லை. மெஷின் கத்தியது, ஜெபமலர் மூக்கில் வைத்து அழுத்துகிற காற்றுப்பையை எடுக்க ஓடினாள், வேறு சத்தமே ஊரில் இல்லை. இரண்டு விரல்கள் ஒரு பாதத்தில் படுகிற அந்தச் சின்னச் சத்தம் மட்டும் கடைசித் தெருப் பட்டறை வரைக்கும் கேட்டதாக ஊரில் எல்லோரும் பிற்பாடு சொன்னார்கள், கேட்கவில்லை என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

"சாமி, என்ற சாமி, உடு, மூச்சு உடு," என்று வேலு சொல்லிக்கொண்டே இருந்தான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கோகிலவாணிக்கு வார்த்தை கிடைக்கவில்லை, அதனால் தட்டினாள். பொழுது எவ்வளவு போனது என்று அவளுக்குத் தெரியாது. தான் என்ன சொன்னோம், யாரிடம் சொன்னோம், எதைப் பணயம் வைத்தோம் என்பது மட்டும் தெரிந்தது, அது தெரியத் தெரிய இன்னும் வேகமாகத் தட்டினாள். அவன் கண்ணிலிருந்து ஒழுகியது பிள்ளையின் முதுகில் விழுந்தது, அதைத் துடைக்க இருவரில் ஒருவருக்கும் கை ஒழியவில்லை.

அப்புறம் ஊர் இடிந்து விழுந்தாற்போல் தறிகள் ஓடத் தொடங்கின. அந்த ஊர்த் தறிகள் அதற்கு முன் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன, மேஜை மேலிருந்த மருந்துக் குப்பிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன, தெருவில் யாரோ யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். இருவருக்கும் அது எதுவும் காதில் ஏறவில்லை. நாற்காலியில் இருந்தவனும், தரையில் முட்டி போட்டிருந்தவளும் தலையைத் தூக்காமல், ஒருவரையொருவர் பாராமல், செக்கச்செவேலென்று சிவந்துவிட்ட அந்தப் பாதத்தையே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெபமலர் கொண்டுவந்த காற்றுப்பையைக் கீழே வைத்தாள். குனிந்து, இரண்டு தலைகளுக்கும் நடுவில் தன் தலையை நுழைத்து, இந்த ஊருக்கு வந்த பிறகு பழகிக்கொண்ட அதே பலத்தோடு கத்தினாள்.

"கையை எடுங்க ரெண்டு பேரும். பிள்ளை அப்பவே இருந்து அழுதுட்டு இருக்கு, கேக்கலையா?"